அக்காவின் குரலுக்குப் போட்ட பூட்டு

வில்லரே, மொன்றியல்.
திங்கட்கிழமை இரவு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய செலீன் அக்கா அவர்களுக்கு,

தங்கை ஜென்சி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நால்வரும் தேவகிருபையால் சுகம். நால்வர் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு, அப்பாவுக்கு இருமல், எனக்குப் பயம். மற்றப்படி சுகம். தாங்களும் றிமூஸ்கியில் சுகமாக இருந்து, காது மூடத் தொப்பி போட்டு, நேரத்துக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அஜந்தா ரீச்சர் சொல்லித்தந்திருக்கிறார். மூத்தவர்களைத் ‘தாங்கள்’ என்று எழுத வேண்டுமாம். அதற்கு மேல் என்னால் முடியாது அக்கா, இனி நீ என்றே எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில்தானே கதைப்போம், இவள் ஏன் தமிழில் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். யோசித்துத்தான் செய்கிறேன். பிரெஞ்சில் எழுதி அகப்பட்டால் யாரோ பெடியனுக்கு எழுதுகிறேன் என்று அம்மா அழத் தொடங்கிவிடுவார். தமிழில் எழுதி அகப்பட்டால் அது வீட்டுப்பாடம். பதின்மூன்று வயதில் போர்வைக்குள் டோர்ச் அடித்துத் தமிழ் வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளையை யாரும் ஏசமாட்டார்கள். கோயிலில் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அதை நேராகச் சொல்லப் பயமாக இருப்பதால் ரவுட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

நவம்பரில் அம்மாவின் போனுக்கு ‘உங்கள் பொதி வந்து காத்திருக்கிறது’ என்று ஒரு செய்தி வந்தது. யாரோ பாரிசிலிருந்து சேலை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா அந்தச் செய்தியை அமத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் போன் அம்மாவின் போனாக இருக்கவில்லை. அன்று பின்னேரம் செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ‘வாழ்த்துக்கள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒருவன் கத்தினான். நிற்பாட்ட முடியவில்லை. அம்மா போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன்மேல் ஏறி இருந்துகொண்டு மிச்சச் செபத்தைச் சொல்லிமுடித்தார். கீழேயிருந்து அவன் வாழ்த்திக்கொண்டே இருந்தான். அப்பா எழும்பி, “இந்த வீட்டுக்க கண்டது நிண்டதெல்லாம் வருது. இதுக்குக் கதவு எங்க, பூட்டு எங்க?” என்று கேட்டுவிட்டு அன்டன் மாமாவுக்குப் போன் எடுத்தார்.

அன்டன் மாமாவை உனக்குத் தெரியும், டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் குசினியில் இரவு வேலை, பகலில் எங்கள் பங்கு முழுவதுக்கும் கொம்பியூட்டர்காரர். வந்து எங்கள் பழைய ரவுட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரோ செத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். “றெனோல்ட் அண்ணை, கொம்பனிக்காரன் போட்டுத்தந்த பாஸ்வேர்ட் இன்னும் அப்பிடியே கிடக்கு. கீழ்வீட்டுச் சனம் முழுக்க உங்கட வைஃபையிலதான் படம் பாக்குதுகள்” என்று அப்பாவிடம் சொன்னார். புது ரவுட்டர் வாங்கி, அதில் வடிகட்டுகிற டிஎன்எஸ் சேவை ஒன்றைப் போட வேண்டும் என்றார். அப்பா அது என்ன என்று கேட்டார். மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

“அக்கா, ஊர்ச் சங்கத்து ஆக்கள் போன் எடுத்து, றெனோல்ட் அண்ணை நிக்கிறாரோ எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?”

“அவர் வெளியில போயிட்டார் எண்டு சொல்லுவன்.”

“அந்த நேரம் அண்ணை எங்க இருப்பார்?”

“சோபாவில.”

“அதுதான் அண்ணை இது. நாங்கள் ஒரு பக்கத்தின்ர பேரைச் சொன்னா, அது எங்க இருக்கெண்டு இலக்கம் எடுத்துத் தாறதுதான் டிஎன்எஸ். நல்ல இடமெண்டா இலக்கம் தரும். கூடாத இடமெண்டா, அப்பிடி ஒரு இடமே இல்லையெண்டு அக்கா மாதிரிச் சொல்லிப்போடும்.”

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாதான் இரண்டு நாளாக, “அப்ப நான் பொய்காரியோ?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

புது ரவுட்டர் வந்தது. அதே கிழமை பங்குச் சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தார். அவர் எல்லா அறைக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது அப்பா, “சுவாமி, வீட்டுக் காவலுக்கு இதைத்தான் வாங்கியிருக்கிறம், இதுக்கும் ஒருக்கா” என்று ரவுட்டரை வயரோடு கையில் ஏந்திக்கொண்டு நின்றார். சுவாமியார் தாராள மனசுக்காரர். ரவுட்டரின் மேல்பக்கம் முழுக்கக் காற்றுப்போக விட்ட ஓட்டை. பச்சை விளக்கு சிவப்பாகி, சிவப்பும் நின்றுவிட்டது. மாற்றுவதற்குக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள், வழக்கம்போலப் பிரெஞ்சு கதைக்க. உள்ளே எப்படித் தண்ணீர் போனது என்று கடைக்காரர் கேட்டார். அப்பா என் காதுக்குள், “மழை எண்டு சொல்லு” என்றார். பெட்டிக்குள் எப்படி அப்பா மழை பெய்யும் என்று கேட்டேன். “அப்ப உண்மையைச் சொல்லு. ஆனா சுவாமியின்ர பேரைச் சொல்லிப்போடாத.” நான் உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் கவுண்டரில் தலையை வைத்துக்கொண்டு சிரித்து, மற்ற வேலையாட்களையும் கூப்பிட்டுக் காட்டி, வேறொன்று மாற்றித் தந்தார். வெளியே வந்ததும் அப்பா, “நல்ல கிறிஸ்தவன்” என்றார்.

இரண்டாவது ரவுட்டரை அப்பா வீட்டுச் செபப் பீடத்தில், மடு மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் வைத்தார். வீட்டில் ஒருவரும் கைவைக்காத இடம் அதுதானாம். பீடத்தின் பின்னாலும் இரண்டு பக்கத்திலும் அம்மா ஒட்டின வெள்ளித்தாள் சிக்னலை வெளியே விடவில்லை. வைஃபை வேண்டுமென்றால் பீடத்துக்கு நேரே முழங்காலில் நிற்க வேண்டும். நான் ஒரு கிழமை முழங்காலில் நின்று கணக்குச் செய்தேன். என்னில் பக்தி கூடிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டார். பிறகு வெள்ளித்தாளைக் கிழித்தோம். புது பாஸ்வேர்ட்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்று மாமா சத்தியம் வாங்கினார். அப்பா யாருக்கும் சொல்லவில்லை. மறந்துபோகாமல் இருக்கப் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டரின் நெற்றியில் ஒட்டிவைத்தார்.

அடுத்தது வடிகட்டி. அமைப்புப் பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. நான் வாசிக்க, மாமா விளக்க, அப்பா முடிவு சொன்னார். சூதாட்டம், குடிவகை, முன்பின் தெரியாத புதுப் பக்கங்கள் என்று ஒரு நீளப் பட்டியல். “எல்லாத்துக்கும் போடு பிள்ளை, எல்லாத்துக்கும் போடு” என்றார் அப்பா. போட்டேன். அப்பா காலையில் கோப்பி குடிக்க முன்னம் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்ப்பவர் என்பது உனக்குத் தெரியும். அதுவும் எதற்குள்ளோ அகப்பட்டுப் பூட்டுப்பட்டுவிட்டது. முதல் நாள் பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் போனைத் துடைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், “என்னப்பா இது, மூண்டு நாளா ஊரில ஒருத்தரும் சாகேல்லையோ?” என்று அம்மாவைக் கேட்டார். “நல்லதுதானே” என்றார் அம்மா. அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. மன்னாருக்குப் போன் எடுத்து, எல்லாரும் சுகமோ என்று கேட்டார். அங்கே இரண்டு பேர் செத்து, ஒருவரை அடக்கமும் செய்துவிட்டார்கள். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை” என்று ரவுட்டரைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மரண அறிவித்தலை மட்டும் திறந்துவிட்டோம்.

இனித் தள்ளிப்போட முடியாது. சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் வெறும் பெட்டி ஒன்று இருக்கிறது. நாங்களாகப் பூட்ட விரும்புகிற முகவரியை அதில் எழுதலாம். வேறு ஏதும் இருக்கிறதோ என்று மாமா கேட்டார். அப்பா ரவுட்டரின் வயரை நேராக்கினார். பிறகு, “அந்த றேடியோ” என்றார்.

எந்த றேடியோ என்று மாமா கேட்கவில்லை. மருந்தாளர் படிப்புக்கு இங்கேயே இடம் கிடைத்தும் நீ அதை விட்டுவிட்டு, ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் போய் றேடியோ படிக்கிறாய் என்பது பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆவணியில் நீ வெளிக்கிட்ட அன்று அப்பா குசினியில் நின்று, “இனி உன்ர சத்தம் இந்த வீட்டுக்குள்ள கேக்கக்கூடாது” என்று சொன்னதும், “நீங்களாக் கூப்பிடும்மட்டும் கேக்காது” என்று நீ சொன்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் பிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி. சொன்ன சொல்லை ஒருவரும் மீறவில்லை. ஆனால் நீ அங்கே ஊர் வானொலியில் ஒவ்வொரு வேலைநாளும் காலை ஆறு பத்துக்கு வானிலை வாசிக்கிறாய் என்று ஐப்பசியில் நான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு அம்மாவும் நானும் என் பள்ளிக்கூட டப்லெட்டைப் பாண் பெட்டியில் சாத்திவைத்து, சத்தத்தை ஒன்றில் வைத்துக் கேட்போம். ஆற்றின் மேல் வடமேற்குக் காற்று, பின்னேரம் லேசான பனி, இரவில் சைபருக்குக் கீழே ஐந்து என்று நீ பிரெஞ்சில் சொல்வாய். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நீ மூச்சு எடுக்கிற இடத்தில் அம்மாவும் மூச்சு எடுப்பார். முடிந்ததும், “தடிமன் போல கிடக்கு அவளுக்கு, மூக்கு அடைச்சிருக்கு” என்பார், அல்லது “இண்டைக்கு வடிவா நித்திரை கொண்டிருக்கிறாள்” என்பார். மூன்று நிமிடம் அக்கா. அந்த மூன்று நிமிடத்தையும் அந்தப் பெட்டிக்குள் எழுதிப் பூட்டியது நான்தான். என் விரலால்தான் எழுதினேன். அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். ஒரு எழுத்தைப் பிழையாக அடித்திருக்கலாம் என்று பிறகுதான் யோசித்தேன். பயத்தில் சரியாக அடித்துவிட்டேன். பயந்தால் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவேன்.

பாஸ்வேர்ட்தான் ரவுட்டரின் நெற்றியில் இருக்கிறதே, திறந்தால் என்ன என்று நீ கேட்பாய். எதைத் தொட்டாலும் ‘அமைப்பு மாற்றப்பட்டது’ என்று அன்டன் மாமாவின் போனுக்குச் செய்தி போகும், அவர் அப்பாவுக்குச் சொல்வார். ஒரு நாள் விரலை வைத்தேன். அப்பா அறையில் இருமினார், விரல் தானாக வந்துவிட்டது. எனக்குச் சொந்தப் போன் இல்லை, அப்பா அம்மாவின் போனுக்கும் வீட்டு வைஃபை மட்டும்தான். நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும், நீ கதைப்பது ஆறு பத்துக்கு. அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் வெறும் பூப்படம் அனுப்புவதும் நீ பதிலுக்குப் பூ அனுப்புவதும் எனக்குத் தெரியும். அப்பா போனை வாங்கிப் பார்த்தாலும் பூ மட்டும்தான் இருக்கும். எனக்குப் பூ போதாது அக்கா. வேறு ஒரு பக்கத்தில் றிமூஸ்கி வானிலையை எழுத்தில் பார்க்கலாம். வெப்பம், காற்று, பனி எல்லாம் இருக்கிறது. நீ எந்தச் சொல்லில் சிரிப்பை அடக்குவாய் என்பது அதில் இல்லை. ஒரு நாள் அம்மா பாவமாக இருந்தார் என்று அதை உன்னைப்போல வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அவள் இப்பிடி மூக்கால கதைக்கமாட்டாள்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அம்மா வெங்காயம் உரிக்கப் போனார். அன்று சமையலுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். யார் எதைத் திறக்கப் பார்த்தார்கள் என்று ரவுட்டரில் ஒரு பதிவு இருக்கிறது. பார்ப்பதால் ஒன்றும் மாறாது, செய்தியும் போகாது என்பதால் போன கிழமை பார்த்தேன். உன் றேடியோவுக்கு நேரே தொண்ணூற்றேழு முறை என்று இருந்தது. நான் இல்லை, அம்மாவுக்கு அப்படிச் செய்யத் தெரியாது, கீழ்வீட்டார் திரும்பவும் எங்கள் வைஃபைக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு கருவியின் பெயரைப் பார்த்தேன். ‘றெனோல்ட்’ என்று இருந்தது. எல்லாம் காலை ஆறு பத்துக்கும் ஆறு பதினைந்துக்கும் இடையில்.

அப்பாதான் அக்கா. எங்கள் அப்பா.

மறுநாள் வேளைக்கே எழும்பிப் பார்த்தேன். குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கதவடியில் நின்று போனை அமத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்ன பிள்ளை, இவ்வளவு வேளைக்கு?” என்றார். நீங்கள் என்ன அப்பா செய்கிறீர்கள் என்று கேட்டேன். “பூட்டுப் போட்டா இழுத்துப் பாக்கத்தானே வேணும்? வேலை செய்யுதோ எண்டு பாக்கிறன்” என்றார்.

“வேலை செய்யுதோ அப்பா?”

“ஓம். நல்ல பூட்டு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நிற்பாட்டினார். ரவுட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

என் பயம் இதுதான். வாற ஞாயிறு பூசை முடிய அன்டன் மாமா சாப்பிட வருகிறார். மூன்று மாதம் முடிந்தபடியால் பதிவை எடுத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்போகிறாராம். திரேசம்மா அன்ரி வீட்டிலும் அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் வாசித்தார். அன்ரியின் மகன் பெண் தேடுகிற பக்கத்தை இருநூற்றுப் பதினான்கு முறை தட்டியிருக்கிறான். அவன் குருமடத்துக்குப் போகப்போகிறான் என்று அன்ரி அதுவரை எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார். அந்த வீட்டில் இன்றைக்கும் ஒருவரோடொருவர் பேச்சில்லை. எங்கள் மேசையில் மாமா, “றெனோல்ட் அண்ணை, தொண்ணூத்தேழு தரம்” என்று வாசித்தால் அப்பாவுக்கு வெட்கமாகிவிடும். வெட்கம் வந்தால் அப்பா கோபப்படுவார். கோபம் வந்தால் சும்மா இழுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடுவார். அதற்குப் பிறகு உன்னைத் தேட இந்த வீட்டில் யார் இருப்பார்கள்? பூவும் நானும்தான். பதிவை அழிக்கலாம். அழித்தாலும் மாமாவுக்குச் செய்தி போகும்.

அதனால் நீ ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் அப்பாவுக்குப் போன் எடுக்க வேண்டும். அவராகக் கூப்பிட வேண்டும் என்று சொன்னாய். கூப்பிட்டிருக்கிறார் அக்கா, தொண்ணூற்றேழு தரம் கூப்பிட்டிருக்கிறார். உனக்கு ஒன்றும் வந்து சேராதது நான் போட்ட பூட்டினால். அவரில் கோபப்படாதே, என்னில் கோபப்படு. எடுத்தால் பெரிதாக ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. வானிலையைச் சொல். தமிழில் சொல், அம்மாவும் விளங்கிக்கொள்வார்.

மடு மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருப்பாராக. உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். உன்னோடு வேலை செய்கிற எல்லாருக்கும், உன்னைக் காலையில் கேட்கிற முன்பின் தெரியாத சனம் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர்களில் எனக்குக் கொஞ்சம் பொறாமை என்பதைச் சொல்லாதே.

இப்படிக்கு,
குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் தங்கை,
ஜென்சி

பி.கு. செவ்வாய் காலை, ஆறே முக்கால். மேலே எழுதிய ஒன்றும் இனித் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆறு மணிக்கு அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். “பிள்ளை, அந்தப் பூட்டை ஒருக்காத் திறந்து பூட்டு. மூண்டு மாசமாப் பூட்டினபடி கிடக்கு, இறுகிப்போயிருக்கும்” என்றார். அன்டன் மாமாவுக்குச் செய்தி போகுமே என்றேன். “அவன் வேலையால வந்து இப்பத்தான் படுத்திருப்பான். நீ திற.” திறந்தேன். அப்பா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா அடுப்பை நிற்பாட்டினார். ஆறு பத்து. ஒரு ஆம்பிளை கதைத்தார்.

“இது ஆர்?” என்றார் அப்பா. “பூட்டு இன்னும் திறபடேல்லையோ?”

திறந்துதான் இருக்கிறது அப்பா, அக்கா இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பீடத்துக்குப் போய் ரவுட்டரின் விளக்கை எண்ணிவிட்டு வந்தார். அப்போது அந்த மனிதர், செலீனுக்கு இந்தக் கிழமை விடுமுறை, நேற்று இரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“எந்த வீட்டுக்கு?” என்றார் அப்பா.

“அவர் அது சொல்லேல்லை அப்பா.”

“அவளுக்கு எத்தினை வீடு கிடக்கு?” என்றார் அம்மா. அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அப்பா சப்பாத்தைப் போட்டு, பனி வாருகிற சவலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இப்போது இரும்புப் படிக்கட்டில் பனி தள்ளுகிறார், சத்தம் கேட்கிறது. நேற்று இரவு பனி பெய்யவில்லை. முந்தநாளும் பெய்யவில்லை. திரும்பப் பூட்டச் சொல்ல மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்தவில்லை.

இந்தக் கடிதத்தை றிமூஸ்கிக்கு அனுப்பிப் பயனில்லை. உன் கட்டிலில், தலையணைக்குக் கீழே வைக்கிறேன். வேறு வீட்டுக்குப் போயிருந்தாயானால் இதை நீ வாசிக்கமாட்டாய்.